ஒரே இலைகளில் தவறிய இருவர்

“...அதுக்காக ஒங்களக் கள்ளின்னு சொல்ல வரல்ல அக்கா. என்ட பென் டிரைவ் ஒங்கட கைக்கு வந்த பொறகு வேற யார்ட கைக்குப் போச்சு? அது மட்டும்தான் கேள்வி” என்றாள் டீச்சர், கடை வாசலில் குடையைக்கூட மடக்காமல் நின்றுகொண்டு.

‘கள்ளி என்று சொல்ல வரவில்லை’ என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், அந்தச் சொல் அவருக்கு முன்பே வந்து நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவள் முகத்தைச் சுண்ட விடக்கூடாது.

“உள்ளே வாங்க டீச்சர், நனையுறீங்க” என்றேன்.

மாத்தளை டவுனில் என்னுடையது ஒரு சின்னக் கொமியுனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, பிரின்ட், பைண்டிங், போனுக்கு ரீலோட், அவசரத்துக்குப் பாஸ்போர்ட் படம். எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு: ‘டாக்டருக்கு உடம்பு தெரியும், கொமியுனிகேஷன்காரிக்கு குடும்பம் தெரியும்.’ யார் வெளிநாடு போகிறார்கள், யார் காணியை எழுதிக் கொடுக்கிறார்கள், யார் வேலையை விடுகிறார்கள், எல்லாம் முதலில் என் மெஷினில் சூடாக வெளியே வரும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். அதற்கு மேலே படித்ததெல்லாம் மற்றவர்கள் அச்சடித்துக்கொண்டு போனவைதான். பைண்டிங் பசை காயும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று ஆய்வேடுகளைப் புரட்டுவேன். அதில் எனக்குப் பிடித்துப்போனது புள்ளியியல். விளங்காததை வாடிக்கையாளரிடமே கேட்பேன். சிலர் சொல்வார்கள், சிலர் ‘இவளுக்கு எதற்கு இது’ என்பதுபோலப் பார்ப்பார்கள்.

இந்த டீச்சர் சொல்கிற ஆள். உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். சனி ஞாயிறுகளில் கம்பஸ் போய் முதுகலைப் படிப்பு. கணினிக்குப் படிப்பித்துக் கொடுக்கிற பாடம், மெஷின் லேர்னிங் என்கிறார்களே, அது. முதன்முதலில் வந்த நாளில் “இந்தப் புள்ளியியல் எல்லாம் எதுக்கு டீச்சர்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “காக்கா உக்கார பனம்பழம் விழுந்துச்சுன்னு சொல்லுவாங்கதானே அக்கா. காக்காவாலயா விழுந்துச்சு, தானா விழுந்துச்சான்னு கேக்கிற பாடம் அது” என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அந்தப் பெண்தான் இப்போது நனைந்த குடையோடு என்னை விசாரிக்க வந்திருக்கிறாள்.

அடையாள அட்டைக்கு போட்டோ கொப்பி எடுக்க ஒரு பென்ஷன்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். அவர் போகிற ஆளாக இல்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு, மழை விடவில்லை என்ற சாக்கில் பெஞ்சில் சாய்ந்துகொண்டார். அவரை வைத்துக்கொண்டே டீச்சர் கதையைச் சொன்னாள்.

போன சனிக்கிழமை அவர்கள் வகுப்பில் ஆய்வு முன்வைப்பு. ஒவ்வொருவரும் சபைக்கு முன்னால் நின்று, செய்த வேலையைத் திரையில் காட்டிச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் விரிவுரையாளர் மெடம் ஒரே படத்தொகுப்பைக் கொடுத்திருந்தார்: மிளகுக் கொடியின் இலைகள். சில நல்ல இலை, சில மஞ்சள் நோய் பிடித்த இலை. அதில் ஒரு பகுதியைக் காட்டிக் கணினிக்குப் படிப்பிக்க வேண்டும், மீதியைக் காட்டிப் பரீட்சை வைக்க வேண்டும். டீச்சர் எடுத்த வழிக்குப் பெயரே காடு. கணினிக்குள் நிறைய மரங்களை வளர்த்து, ஒவ்வொரு மரத்திடமும் ‘இந்த இலைக்கு நோயா, இல்லையா’ என்று ஓட்டுக் கேட்கிற வழி. வகுப்பில் இன்னும் சிலரும் அதே வழியைத்தான் எடுத்திருந்தார்கள். அதில் பிழை இல்லை. ஒருவருடைய முடிவும் இன்னொருவருடைய முடிவும் கிட்டக் கிட்ட வரும், ஆனால் ஒட்டாது.

டீச்சருடையதும் ஒரு பொடியனுடையதும் ஒட்டிவிட்டன. கடைசிப் புள்ளி வரைக்கும்.

“மெடம் ரெண்டு பேர்ட ஸ்லைடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க அக்கா. எண் ஒண்டா வந்ததக்கூட உட்டாங்க. பிழைச்ச இலைகள் ஈக்கிதானே, கம்ப்யூட்டர் மாத்திச் சொன்ன இலைகள், அதுவும் ஒண்டு. அவர்ட மெஷின் எந்த இலையில ஏமாந்துச்சோ அதே இலையில என்டதும் ஏமாந்தீக்கி. சரியான விடை ரெண்டு பேருக்கு ஒண்டா வந்தா யாரும் பேச மாட்டாங்க. பிழை ஒண்டா வந்தாத்தான் கொப்பி. நானே எங்கட பிள்ளைகளுக்குச் சொல்ற கத இது.”

“அப்ப மெடம் என்ன சொன்னாங்க?”

“வார சனிக்கிழம சூம்ல வந்து வெளக்கம் சொல்லோணும். சொல்ல ஏலாட்டி ரெண்டு பேர்ட பேரும் விசாரணைக்குப் போகும்.” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. “படிப்பு போனா போகட்டும் அக்கா. மறுக்கா படிக்கலாம். கொப்பி அடிச்ச டீச்சர்னு ஒரு பேர் வந்தா, நான் எந்த மொகத்தோட கிளாசுக்குள்ள போய் ஒரு பிள்ளையப் பாத்து ‘எட்டிப் பாக்காத’ன்னு சொல்றது?”

பெஞ்சிலிருந்த பென்ஷன்காரர், “ரெண்டு பேரும் ஒரே டியூஷனுக்குப் போனீங்களா மகள்?” என்றார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மழை விட்டதோ இல்லையோ அவர் எழுந்து போய்விட்டார்.

அந்தப் பொடியனை எனக்கும் தெரியும். கலேவெலைப் பக்கம் வீடு, டவுனில் ஒரு பேங்கில் கணினிப் பிரிவில் வேலை. அவனும் என் கடையில்தான் பிரின்ட் எடுப்பான். ஒன்றிரண்டு முறை, வேலை முடிந்த பிறகும் நின்று, “டீச்சர் இன்டைக்கு வந்தாங்களா அக்கா?” என்று கேட்டிருக்கிறான். அப்போது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், கல்யாணக் கதை என்று. இப்போது அந்தக் கேள்வியே வேறு முகத்தோடு வந்து நின்றது. சந்தேகம் அப்படித்தான். பழைய சாமானை எல்லாம் வெளியே எடுத்துப் புது விலை போட்டுவிடும்.

“நான் பிரின்ட் முடிஞ்சதும் வாடிக்கைக்காரர் கண்ணு முன்னாலேயே ஃபைலை அழிச்சிடுவேன் டீச்சர், உங்களுக்குத் தெரியும்தானே” என்றேன்.

“தெரியும். ஆனா நீங்க எல்லாத்தயும் வாசிப்பீங்கதானே அக்கா?”

இது எனக்குச் சுரீர் என்றது. நான் எதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு இருந்தேனோ அதையே எடுத்து எனக்கு எதிரான சாட்சியாக வைத்துவிட்டாள். கடைக் கணினியைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். “நீங்களே தேடுங்க” என்றேன். தேடினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவளுக்கு நிம்மதி வரவில்லை. ‘நல்லாத்தான் அழிச்சீக்கிறாங்க’ என்பதுபோல் இருந்தது அவள் முகம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். மடி காலியாக இருந்தாலும், பார்க்கிறவர் கண் அங்கேயே நின்றால் கை தன்னால் மடியைப் பொத்தத்தான் போகிறது.

“ஒண்ணு கேக்கவா? மத்தவங்களுக்கு ஒட்டாம உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி ஒட்டிச்சு?” என்றேன்.

அவள் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு விளங்கப்படுத்த உட்கார்ந்தாள். சந்தேகப்படுகிற நேரத்திலும் படிப்பிக்கிற குணம் போகவில்லை. எந்த இலையைப் படிக்கக் கொடுப்பது, எந்த இலையைப் பரீட்சைக்கு வைப்பது என்று கணினி கலைத்துப் பிரிக்குமாம், சீட்டுக்கட்டைக் கலைப்பது போல. ஆனால் நம் கையைப் போல அதற்குச் சும்மா கலைக்கத் தெரியாது. கலைக்கத் தொடங்க அதற்கு ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். விதை எண் என்பார்கள். அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டுக் கலைக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே மாதிரிதான் கலைக்கும், மரங்களும் அதே மாதிரிதான் வளரும். வேறு எண் கொடுத்தால் எல்லாம் கொஞ்சம் மாறும். அதனால் ஆளுக்கொரு எண்ணைத் தாங்களே யோசித்துப் போடச் சொல்லியிருந்தாராம் மெடம்.

“அப்ப அவர்ட எண்ணும் என்ட எண்ணும் ஒண்டாத்தான் ஈக்கோணும். வேற வழியே இல்ல” என்றாள். “ஒலகத்துல எத்தன எண் ஈக்கி! அதுல ரெண்டு பேர் தற்செயலா ஒரே எண்ணப் போடறதுக்கு எவ்ளவு வாய்ப்பு? இல்லைன்னே சொல்லலாம். அப்ப அவர் என்ட எண்ணப் பாத்துத்தான் ஈக்கோணும். பாத்திருந்தா எங்க பாத்தாரு?” என்று சொல்லிவிட்டு என் மெஷினைப் பார்த்தாள்.

கணக்கு நேராகத்தான் இருந்தது. நேராக வந்து என் கடையில் முட்டியது. அன்றிரவு சோறு இறங்கவில்லை. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பட்டம் அவர்களுடையது, விசாரணை அவர்களுடையது, வெயிலில் கிடப்பது நான்.

மறுநாள் பொடியனுக்குப் போன் போட்டேன். அதற்கடுத்த நாள் வேலை விட்டு நேராக வந்தான். டீச்சரும் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் கடையின் பின் அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான், பைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். யாரும் தொடவில்லை.

“டீச்சர், நீங்க மெடத்துக்கிட்ட சொன்னீங்களாம், நான் ஒங்கட புரோகிராம் கோட எடுத்தன்னு” என்றான் அவன்.

“நான் அப்பிடிச் சொல்லல்ல. என்ட வேல என்டதுன்னுதான் சொன்னன்.”

“அதுக்கு அர்த்தம் அதுதானே?”

“ஒங்களுக்கு அப்பிடி வெளங்கினா நான் என்ன செய்ய?”

நான் இடையில் புகுந்தேன். “தம்பி, கோவிக்காதீங்க. நீங்க போட்ட எண் என்னன்னு சொல்லிட்டா பாதி விஷயம் முடிஞ்சிடும்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில், நானும் டீச்சரும் சேர்ந்து அவனுக்கு வலை விரிக்கிறோம் என்று அவன் நினைத்தது தெரிந்தது. “நான் என்னத்துக்கு முந்திச் சொல்லோணும்? நான் சொன்னதும் டீச்சர் வேற ஒரு எண்ணச் சொல்லி, ‘பாருங்க, என்டது வேற, இவர்தான் மாத்திட்டாரு’ன்னா?”

“நான் சொன்னா நீங்க ‘எனக்கும் அதான்’னு சொல்லுவீங்க” என்றாள் டீச்சர். “அப்ப நான் என்ன செய்றது?”

“அப்ப சொல்லாதீங்க.”

“நீங்களும் சொல்லாதீங்க.”

தேநீர் ஆறியது. உண்மையில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். சந்தேகப்படுவதற்கும் படிப்பு வேண்டியிருக்கிறது. படிக்காத இரண்டு பேராக இருந்திருந்தால் எண்ணைச் சொல்லிவிட்டு அடித்துக்கொண்டிருப்பார்கள், சீக்கிரம் முடிந்திருக்கும். இவர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்தவர் என்ன செய்வார் என்று மூன்று படி முன்னால் யோசித்து, முதல் படியிலேயே நின்றார்கள்.

எனக்கும் பொறுக்கவில்லை. “தம்பி, நான் நேரடியாக் கேக்கிறேன். டீச்சர் வந்தாங்களா வந்தாங்களான்னு என்கிட்ட எதுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

அவன் முகம் சிவந்துபோனது. வெட்கமா கோபமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுந்துவிட்டான். “அக்கா, நீங்களுமா? வல்லாஹி சொல்றன், நான் யார்ட வேலயயும் தொடல்ல. என்ட வாப்பா கடையில கணக்கு எழுதினாலும் சரி, நான் எக்ஸாம் எழுதினாலும் சரி, மேல எழுநூத்தி எம்பத்தாறு போடாம ஒரு எழுத்து எழுதினதில்ல. இந்தக் கோட்லயும் அதப் போட்டுத்தான் வேலய தொடங்கினன். அதப் போட்டுட்டு களவு எடுப்பனா நான்?”

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன், பதில் சொல்வாள் என்று. அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

“என்ன டீச்சர்?”

“எங்க போட்டீங்க?” என்று அவனைத்தான் கேட்டாள். குரல் அடங்கிவிட்டது. “அந்த எழுநூத்தி எம்பத்தாற கோட்ல எந்த எடத்துல போட்டீங்க?”

“மேலதான். மொதல் வரியில. விதை எண் கேக்கிற எடத்துல...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். “நானும் அதத்தான், அங்கதான்” என்றாள் டீச்சர். 

நான் கடையைத் திறக்கும்போது பில் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். போட்டேன் என்ற நினைவுகூட இருக்காது, கை தானாகப் போட்டுவிடும். இவர்களுக்கு எழுநூற்று எண்பத்தாறு. பிஸ்மில்லாவை எண்ணால் எழுதுகிற பழக்கம். எங்கள் டவுனில் அது இல்லாத இடம் எது? திரீவீல் கண்ணாடியில் இருக்கும், மிளகு மூட்டை வாங்குகிற கடைச் சுவரில் இருக்கும், கல்யாணக் கார்டின் தலையில் இருக்கும். எத்தனை கார்டுகளை நானே அச்சடித்திருக்கிறேன்! அன்றைக்கும் என் கடை வாசலில் நின்ற திரீவீலில் அது இருந்திருக்கும். யார் பார்த்தார்கள்?

“எங்கட மச்சான் ஏசுவாரு, இதெல்லாம் மார்க்கத்துல இல்ல, போடாதன்னு” என்றான் அவன், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். “பழக்கம் உட மாட்டேங்குது.”

டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். “ஒலகத்துல எத்தன எண் ஈக்கின்னு கணக்குப் பாத்தன் அக்கா. எங்கட ஆக்கள்ட கைக்கு எத்தன எண் வரும்னு பாக்கல்ல. எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்புன்னு எடுத்தா அது பிழைன்னு நானே பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தீக்கிறன்.”

நான் சிரித்துவிட்டேன். எனக்கு வந்தது நிம்மதிச் சிரிப்பு, என் கடை தப்பியதே என்று. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. 

“இதப் போய் மெடத்துக்கிட்ட எப்பிடிச் சொல்றது?” என்றான் அவன். “அவங்க சிங்கள ஆள். அவங்களுக்கு இந்த எண்ணப் பத்தி என்ன தெரியும்? மாத்தளையிலயிருந்து ரெண்டு முஸ்லிம் பிள்ளைகள் வந்து, ‘நாங்க கொப்பி அடிக்கல்ல, எங்களுக்குப் பொதுவா ஒரு நம்பர் ஈக்கி’ன்னு சொன்னா, ரெண்டு பேரும் கூடிக் கட்டின கத மாதிரியேதான் ஈக்கும்.”

அது உண்மை. களவு எடுத்தவன்கூட இவ்வளவு விசித்திரமான கதையைச் சொல்ல வெட்கப்படுவான்.

அவன் கை கழுவப் பின்னால் போன நேரத்தில் டீச்சர் என் பக்கம் சாய்ந்து, “அக்கா, அவர் என்ட கோட முந்தியே பாத்துட்டு, இப்ப இந்தச் சத்தியத்த ரெடியா வெச்சிருந்தா?” என்று காதோடு கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்பு முடிந்த கதை மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பொடியன் திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு தலையும் கிட்டக் கிட்ட இருந்ததைப் பார்த்துவிட்டான். அவன் என்ன நினைத்தானோ, நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

வழியைக் கண்டுபிடித்தது டீச்சர்தான். “மெடம் தன்ட சொந்தக் கோட வெச்சீக்கிறாங்க. எங்களுக்குக் காட்டித் தந்தது. அதே காட்டு வழிதான். அதுல இந்த எண்ண அவங்களே போட்டு ஓட்டட்டும். எங்கட முடிவு அப்பிடியே அவங்களுக்கும் வந்தா, நாங்க ஒருத்தர்ட ஒருத்தர் எடுக்க வேண்டிய தேவையே இல்லன்னு தெரியும்.”

“வராட்டி?” என்றான் அவன்.

“வராட்டி முடிஞ்சுது.”

“முந்தி யாராவது கூட்டாளிட கோட்ல போட்டுப் பாப்பமா?”

“கேட்டா அவரும் நம்மளோட சேந்து மாட்டுவாரு. மூணு பேர் கொப்பின்னு வரும்.”

ஆகவே பார்க்காமலே போவது என்று முடிவாயிற்று. ஒரே இடத்தில் இருப்பதா, தனித்தனியாக இருப்பதா என்று அடுத்த வழக்கு. கலேவெலையில் அவன் வீட்டு இன்டர்நெட் பாதியில் அறுந்துவிடும், அவன் எப்படியும் டவுனுக்கு வந்தாக வேண்டும். தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒளிப்பதைவிட ஒரே படத்தில் தெரிவதே மேல் என்றாள் டீச்சர். அவள் அவனை நம்பியா அப்படிச் சொன்னாள், கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்றா? கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

சனிக்கிழமை காலையில் கடையின் பின் அறையைக் கூட்டி, இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். கதவில் ‘இன்று போட்டோ கொப்பி இல்லை’ என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிய பிறகும் ஆட்கள் வந்து அந்தத் தாளையே கொப்பி எடுக்க வந்தவர்கள் போல நின்று வாசித்துவிட்டு, கதவைத் தட்டினார்கள். நான் கதவுக்கும் திரைக்கும் நடுவில் நின்றேன்.

திரையில் மெடம் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத முகம். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவருடைய முதல் கேள்வி, நான் பயந்த அதே கேள்வி. ஏன் ஒரே அறையில் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டீச்சர் எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம். அவள் கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகியவள். முதல் ஸ்லைடில் இரண்டு பேருடைய பிழைத்த இலைகளையும் அவளே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். அடுத்ததில் அந்த எண், பெரிதாக. எங்கள் வீடுகளில் எதையும் தொடங்கும்போது இதை எழுதுவோம் என்றாள். இதை ஒரு எண்ணாகவே நான் நினைக்கவில்லை, அதுதான் என்னுடைய பிழை என்றாள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்களுடைய நிரலில் நீங்களே போட்டுப் பாருங்கள் என்றாள்.

மெடம் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு “ஹரி” என்றார், சிங்களத்தில் சரி என்று. அந்த ‘ஹரி’யில் நம்பிக்கை துளியும் இல்லை. அவர் விரல்கள் எங்களுக்குத் தெரியவில்லை, தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. காட்டை வளர்க்க நேரம் எடுத்தது. பொடியன் கையைப் பிசைந்தான். டீச்சர் நின்றபடியே இருந்தாள். கதவை யாரோ தட்டினார்கள். “இல்லைங்க, இல்லை” என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

மெடம் தன் திரையை எங்களுக்குக் காட்டினார். அதே முடிவு, கடைசிப் புள்ளி வரைக்கும். கீழே, பிழைத்த இலைகள். ஒரு நோய் இலையை நல்லதென்று சொல்லியிருந்தது, ஓரத்தில் பூச்சி கடித்த ஒரு நல்ல இலையை நோயென்று சொல்லியிருந்தது, இப்படியே அத்தனையும் அதே இலைகள். பொடியன் “அல்ஹம்துலில்லாஹ்” என்று மூச்சு விட்டான். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

மெடம் சிரிக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு விளங்கிய வரைக்கும் இதுதான்: “நீங்கள் எடுக்கவில்லை என்று இது காட்டவில்லை. எடுத்திருக்க வேண்டிய தேவை இல்லை என்று மட்டும் காட்டுகிறது. எனக்கு அது போதும். விசாரணைக்கு எழுத மாட்டேன்.”

புள்ளியியல்காரர்கள் வாயிலிருந்து மன்னிப்புக்கூட இப்படி அளந்துதான் வரும்போல. ஆனாலும் அந்த வார்த்தைக்குப் பிறகுதான் டீச்சர் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொடியன் அவள் பக்கம் தண்ணீர்ப் போத்தலைத் தள்ளினான். அவள் எடுத்துக் குடித்தாள். எல்லாம் தீர்ந்தது என்று நான் கதவைத் திறக்கப் போனேன்.

“இன்னொன்று” என்றார் மெடம். ஆளுக்கொரு புது எண்ணைப் போட்டு இப்போதே மறுபடி ஓட்ட வேண்டுமாம். புது முடிவை வைத்து முன்வைப்பைத் திரும்பச் செய்தால் ஏற்றுக்கொள்வாராம். எந்த எண் என்பது உங்கள் விருப்பம், ஆனால் இந்த முறை ஒட்டக்கூடாது என்றார்.

பொடியன் தன் கணினியில் முதல் வரிக்குப் போனான். டீச்சரும் போனாள். அந்த மூன்று இலக்கத்தையும் அழித்தாள். அழித்த இடத்தில் கர்சர் மின்னி மின்னி நின்றது. அவள் விரல்கள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எட்டி, அலுமாரியில் இருந்த பைண்டிங் அட்டை ஒன்றை எடுத்து, தனக்கும் அவனுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தாள். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, என் பக்கம் முதுகு வரும்படி உட்கார்ந்துகொண்டு, அட்டைக்குப் பின்னால் ஒரு எண்ணை அடித்தாள்.